யார் இந்த ரோசாப்பூ துரை? ஒரு மலையாள பாரிஸ்டரை மதுரை, தேனி கிராமங்கள் மறக்காதது ஏன்?

ரோசாப்பூ என்றால் பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர் என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் உசிலம்பட்டி வட்டாரத்தில் ஆம்பளைகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. பிரமலைக் கள்ளர் குடும்பங்கள் சில, தலைமுறை தாண்டியும் அந்தப் பெயரை விடாமல் வைத்து வந்திருக்கின்றன. அது பூவுக்காக வைத்த பெயர் இல்லை, ஒரு வக்கீலுக்காக வைத்தது.

அந்த வக்கீல் பெயர் ஜார்ஜ் ஜோசப். தாய்மொழி மலையாளம். மதம் சிரியன் கிறிஸ்தவம். படித்தது பிரிட்டனில். உசிலம்பட்டிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பிறப்பால் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். அப்படிப்பட்டவருக்கு இந்த மக்கள் வைத்த பெயர் 'ரோசாப்பூ துரை'. கோட்டில் எப்போதும் ரோஜாப்பூ குத்தியிருப்பார், அதனால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். ஜோசப்பு என்று கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பார்த்தால் ரோசாப்பூவுக்கு அது ரொம்ப தூரமும் இல்லை.

அவர் என்ன செய்தார்? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

செங்கன்னூர் டூ மதுரை

ஜார்ஜ் ஜோசப் 1887 ஜூன் 5-ம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கன்னூரில் பிறந்தார். இன்று அது கேரளாவின் ஆலப்புழா மாவட்டம். வீட்டில் மூத்த பிள்ளை. பின்னாளில் இந்தியாவின் பெரிய பத்திரிகை ஆசிரியர்களில் ஒருவராகப் பெயர் வாங்கிய போத்தன் ஜோசப் இவருடைய தம்பிதான்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் எம்.ஏ. முடித்தார். பிறகு லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். 1909-ல் இந்தியா திரும்பி முதலில் சென்னையில் தொழில் ஆரம்பித்தார். அங்கிருந்து மதுரைக்கு மாறினார். அந்த மாற்றம்தான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது.

லண்டனில் படித்த பாரிஸ்டர் என்றால் அந்தக் காலத்தில் தனி மவுசு. நிலத் தகராறு, சொத்துப் பாகம், வியாபார வழக்கு என்று காசுள்ள கட்சிக்காரர்கள் தேடி வருவார்கள். ஜோசப்புக்கும் நல்ல வருமானம் வந்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை.

அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போர் சமயத்தில், இந்தியாவின் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துச் சொல்லக் கப்பல் ஏறிய குழுவில் அவரும் ஒருவர். ஜிப்ரால்டரிலேயே தடுத்து நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1918-ல், மதுரையில் பேசிய பேச்சுக்காக வரதராஜுலு நாயுடு மீது வழக்கு வந்தபோது அவருக்காக ராஜாஜி ஆஜரானார். அந்த வழக்கில் ராஜாஜிக்குத் துணை நின்றவர் ஜோசப்.

அதே காலத்தில் மதுரை மில் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டும் வேலையிலும் இறங்கினார். ஆரம்பத்தில் கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு என்று கொஞ்சம் பலன் கிடைத்தது. பிறகு மில் முதலாளிகளும் அரசும் சேர்ந்து சங்கத்தை உடைத்தார்கள். 1919-ல் ரௌலட் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் மதுரையின் முகம் என்றால் ஜோசப்தான்.

ரேகைச் சட்டம்: அப்படின்னா என்ன?

ஜோசப்பின் பெயர் கிராமங்களுக்குப் போனதற்குக் காரணம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வட இந்தியாவில் தொடங்கிய இந்தச் சட்டத்தை, 1911-ல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது பிரிட்டிஷ் அரசு. ஒரு ஆள் குற்றம் செய்தாரா இல்லையா என்று இந்தச் சட்டம் பார்க்காது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளும். அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டால் போதும், ஒரு சமூகம் முழுக்க 'குற்றப் பழங்குடி' ஆகிவிடும்.

மதுரை ஜில்லாவில் 1914-ல் கீழக்குயில்குடி கள்ளர்கள் மீது இதை முதலில் பாய்ச்சினார்கள். பிறகு ஊர் ஊராக விரித்தார்கள். வயது வந்த ஆண்கள் எல்லோரும் போலீஸில் பெயர் பதிந்து, பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும். அதனால்தான் ஊர்மக்கள் வாயில் இது 'ரேகைச் சட்டம்' ஆனது. ராத்திரியில் வீட்டில் படுக்க முடியாது. போலீஸ் கண் முன்னால், சாவடியிலோ ஸ்டேஷனிலோ கிடக்க வேண்டும். வெளியூர் போய்த் தங்க வேண்டும் என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு 'ராத்திரிச் சீட்டு' என்று பெயர்.

இது நடைமுறையில் எப்படி இருந்திருக்கும்? கொடைக்கானல் மலைச்சாலை ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கெங்குவார்பட்டியை எடுத்துக்கொள்வோம். இன்று அது தேனி மாவட்டம். அப்போது தேனியும் கிடையாது, திண்டுக்கல்லும் தனி மாவட்டம் கிடையாது. பெரியகுளம், உத்தமபாளையம், கம்பம் வரை எல்லாமே மதுரை ஜில்லாதான். பதிவேட்டில் பெயர் இருக்கிற ஒருவர் கெங்குவார்பட்டி பக்கம் வயல் வேலைக்கு வருகிறார், கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்று பஸ் ஏறினால் சில மணி நேர வேலை. அன்று அவர் முதலில் சீட்டு வாங்க வேண்டும். போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். ஒன்று தவறினாலும் அது தண்டனைக்குரிய குற்றம். கல்யாணத்துக்குப் போனது குற்றமில்லை, சீட்டு இல்லாமல் போனது குற்றம்!

ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போக முடியாது. பிரசவ வலி வந்த மனைவிக்கு ஆள் கூப்பிட ஓடினாலும் கேள்வி வரும். திருடாத மனிதனுக்கும் இதே கதிதான்.

பெருங்காமநல்லூரில் நடந்தது

1920-ல் எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது. உசிலம்பட்டி பக்கம் இருக்கிற பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். ஏப்ரல் 3-ம் தேதி ஆயுதப் போலீஸ் ஊருக்குள் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் மாயக்காள் என்பது அந்த ஊர் இன்றும் சொல்கிற நினைவு. உயிர் பிழைத்தவர்களில் பலரைப் பிடித்துக்கொண்டு போய் வழக்குப் போட்டார்கள்.

ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. பஞ்சாபுக்காக நாடே கொதித்தது. பெருங்காமநல்லூருக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. இறந்தவர்கள் மேல் அரசு ஏற்கெனவே 'குற்றவாளிகள்' என்று முத்திரை குத்தியிருந்தது. அந்த முத்திரை சுதந்திரப் போராட்டத்தில் இருந்த பலருடைய கண்ணையும் மறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த மக்கள் பக்கம் நின்ற வக்கீல் ஜார்ஜ் ஜோசப்.

கோர்ட்டில் அவரால் என்ன செய்ய முடிந்தது?

இங்கேதான் பெரிய சிக்கல் இருந்தது. ஒரு சமூகத்தைக் குற்றப் பழங்குடி என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. சட்டத்திலேயே அப்படி எழுதி வைத்திருந்தார்கள். எவ்வளவு பெரிய பாரிஸ்டராக இருந்தாலும், இந்தச் சட்டமே அநியாயம் என்று வாதாடி அதை ரத்து செய்ய வழி கிடையாது. இன்று நமக்கிருக்கிற அடிப்படை உரிமைகளோ, அரசியல் சாசனமோ அப்போது இல்லை.

மிச்சம் இருந்தது ஒவ்வொரு ஆளுக்காகவும் தனித்தனியாக வாதாடுவதுதான். சீட்டு இல்லாமல் போனார் என்ற வழக்கு, சாவடிக்கு வரவில்லை என்ற வழக்கு, போலீஸைத் தடுத்தார் என்ற வழக்கு. ஒரு வழக்கில் ஜெயித்தால் ஒரு ஆள் வீட்டுக்குப் போவார். சட்டம் அப்படியே இருக்கும். காசு பார்க்கிற வழக்குகளும் இல்லை இவை. எதிரிக் கூண்டில் நிற்பவர் கூலிக்காரராகவோ கால் ஏக்கர் விவசாயியாகவோ இருப்பார். வாய்தாவுக்கு வந்து போகிற செலவே அவருக்குப் பெரும்பாடு.

ஜோசப் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்தார். கோர்ட்டில் ஆட்களுக்காக வாதாடினார். பத்திரிகைகளில் சட்டத்துக்கு எதிராக எழுதினார். கோர்ட் கேட்க முடியாத கேள்வியைப் பத்திரிகை கேட்கலாம் அல்லவா? கள்ளர்களுக்காக மட்டுமல்ல, இதே சட்டத்தில் சிக்கிய மறவர்களுக்காகவும் பேசினார்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊரில் மற்ற சாதியினர் பலர் இந்தச் சட்டத்தை வரவேற்கவும் செய்தார்கள். கள்ளர்களின் காவல் முறையால் ஏற்பட்ட பகை பழையது. 1890-களிலேயே மதுரை ஜில்லா கிராமங்களில் அதற்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி நடந்திருக்கிறது. களவு நடந்ததே இல்லை என்று யாரும் சாதிக்கவில்லை. குற்றம் செய்தவனைப் பிடி, விசாரி, தண்டனை கொடு, ஆனால் பிறந்த குழந்தையைக் குற்றவாளியாக எழுதாதே என்பதுதான் பிரச்சினையின் மையம். மதுரையில் தொழில் செய்துகொண்டே இந்தப் பக்கம் நிற்பது, பணக்காரக் கட்சிக்காரர்களை இழக்கக்கூடிய முடிவு.

தொழிலையே விட்டார்

காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை அறிவித்தபோது, வக்கீல்கள் பிரிட்டிஷ் கோர்ட்டுகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான அம்சம். நிறையப் பேர் தயங்கினார்கள். ஜோசப் வக்கீல் தொழிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அலகாபாத்துக்குக் கிளம்பிவிட்டார். மோதிலால் நேரு நடத்திய இன்டிபென்டன்ட் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார்.

1921 டிசம்பரில் கைது. ஜவாஹர்லால் நேரு, மகாதேவ் தேசாய் போன்றவர்கள் அவருடைய சிறைத் தோழர்கள். அச்சகம் கையை விட்டுப் போன பிறகு, மகாதேவ் தேசாய் அந்தப் பத்திரிகையைக் கையாலேயே எழுதி வெளியிட்டது தனிக் கதை. விடுதலையான ஜோசப், 1923-ல் காந்தியின் யங் இந்தியா பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். காந்தி அப்போது சிறையில் இருந்தார். தன் பத்திரிகையையே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஜோசப் காந்திக்கு நெருக்கம் என்பது இதில் தெரியும். அதனால்தான் அடுத்து நடந்தது ஜோசப்பை ரொம்பவே பாதித்தது.

வைக்கம்: இது யாருடைய பிரச்சினை?

1924 மார்ச் 30-ம் தேதி வைக்கம் போராட்டம் தொடங்கியது. வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் போன்ற சாதியினர் நடக்கக்கூடாது என்று தடை. கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம், இவர்கள் நடக்கக்கூடாது. முதல் வரிசைத் தலைவர்கள் கைதானதும், ஜோசப் போராட்டத்தின் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6-ம் தேதி காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்களின் பாவம், அதை இந்துக்களே சரி செய்துகொள்ளட்டும், கிறிஸ்தவரான ஜோசப் விலகி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜோசப் பார்வை வேறு. அவர் இதைக் கோயில் விவகாரமாகப் பார்க்கவில்லை. பொதுத் தெருவில் நடப்பது குடிமக்களின் உரிமை. ஒரு சாதிக்கு அது மறுக்கப்பட்டால் அது எல்லோருடைய பிரச்சினை. அவர் பின்வாங்கவில்லை. அந்த மாதமே கைதாகி சிறைக்குப் போனார்.

போராட்டத்தில் தலைவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டதால், தமிழ்நாட்டில் இருந்து பெரியாரை அழைத்துக் கடிதம் போனது. எழுதியவர்கள் ஜோசப்பும் நீலகண்டன் நம்பூதிரியும். அந்தக் கடிதம் கைக்குக் கிடைத்தபோது பெரியார் சுற்றுப்பயணத்தில் இருந்த ஊர் பண்ணைபுரம். ஆமாம், பின்னாளில் இளையராஜா பிறந்த அதே கம்பம் பள்ளத்தாக்குப் பண்ணைபுரம்தான்! அங்கிருந்துதான் பெரியாரின் வைக்கம் பயணம் ஆரம்பித்தது.

வைக்கத்துக்குப் பிறகு காந்திக்கும் ஜோசப்புக்கும் இடையில் விரிசல் பெரிதானது. காங்கிரஸில் இருந்தும் விலகினார். கறாராகப் பார்த்தால், காந்தியின் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. வெளியில் இருந்து ஒருவர் வந்து திருத்தினால், உள்ளே இருப்பவர்கள் தங்கள் பொறுப்பைத் தட்டிக் கழிப்பார்கள். ஆனால் அதே அளவுகோலை வைத்தால், செங்கன்னூர் கிறிஸ்தவர் ஒருவர் பிரமலைக் கள்ளருக்காக மதுரைக் கோர்ட்டில் நின்றிருக்கவே முடியாது. அவர் சொந்தக்காரரும் இல்லை, அதே சாதியும் இல்லை, அதே மதமும் இல்லை. அவரை வெளியாள் என்று காந்தி நினைத்தார். ரேகை வைத்த கிராமங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தன.

மறுபடியும் மதுரை

ஜோசப் மதுரைக்குத் திரும்பி மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார். போராட்டம், சிறை, பத்திரிகை என்று போன வருடங்களில் விட்டுப்போன தொழிலைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. ஒருமுறை வக்கீல் தொழிலை விட்டுவிட்டால் கட்சிக்காரர்கள் வேறு வக்கீலிடம் போய்விடுவார்கள், திரும்பி வருவது லேசு இல்லை. நாட்டுக்காகத் தொழிலை விட்ட வக்கீல்களில் மோதிலால் நேரு போன்ற பெரும் செல்வந்தர்கள் சமாளித்தார்கள். ஜோசப் அந்த வகை இல்லை.

1930-களின் நடுவில் காங்கிரஸுக்குத் திரும்பினார். 1937-ல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி சேர்ந்த தொகுதியில் இருந்து மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்வானார். சட்டத்தைக் கோர்ட்டில் மட்டும் எதிர்த்தவர், சட்டம் எழுதுகிற இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். ஆனால் காலம் இல்லை. 1938 மார்ச் 5-ம் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் இறந்தார். வயது 50. மதுரை கீழவாசல் பக்கம் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நினைவு நாளில் அங்கே மாலை போட வருகிறவர்களில் பிரமலைக் கள்ளர்களும் உண்டு. யானைக்கல் பகுதியில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.

அந்தச் சட்டம் எப்போது போனது?

ஜோசப் இறந்து 9 வருடம் கழித்து, 1947-ல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தானது. முத்துராமலிங்கத் தேவர், பி.ராமமூர்த்தி, மதுரை ஜானகி அம்மாள் என்று வெவ்வேறு கட்சிக்காரர்கள் அதற்காகப் போராடினார்கள். நாடு முழுக்க ரத்தானது 1952 ஆகஸ்ட் 31-ம் தேதி. அந்த நாளை இன்றும் பல மாநிலங்களில் 'விமுக்தி நாள்' என்று அனுசரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சமூகங்களுக்கு 'சீர்மரபினர்' என்று பெயர்.

ஜோசப் எடுத்துக்கொண்ட வழக்கு முழுசாக முடிந்துவிட்டதா? இல்லை.

சான்றிதழ் பிரச்சினை: 1979-ல் தமிழக அரசு ஆணையில் சீர்மரபுப் 'பழங்குடியினர்' என்பது 'வகுப்பினர்' என்று மாறியது. அதைத் திரும்ப மாற்றச் சொல்லி பல வருடம் போராட்டம் நடந்தது. 2019-ல் இரண்டு பெயரிலும் சான்றிதழ் வாங்கலாம் என்று அரசு அனுமதித்தது. ஒரே சான்றிதழ் வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகும் ஓயவில்லை.

பள்ளிகள்: 'சீர்திருத்தம்' என்ற பெயரில் பிரிட்டிஷ் அரசு ஆரம்பித்த கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன. கண்காணிப்பின் ஒரு பகுதியாக வந்த பள்ளிக்கூடம், பிறகு அந்த மக்களே விட்டுக்கொடுக்க மறுக்கிற உரிமையாக மாறியது.

சிறை விதிகள்: சட்டம் போனாலும், பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று பார்க்கிற பழக்கம் அரசு விதிகளுக்குள் ஒட்டிக்கொண்டே இருந்தது. பல மாநில சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பது, சீர்மரபினரை 'வழக்கமான குற்றவாளி' வகையில் சேர்ப்பது போன்றவை இருந்தன. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விதிகள் அரசியல் சாசனத்துக்கு எதிரானவை என்று ரத்து செய்தது.

ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளி ஆக்கலாமா என்ற கேள்வியை ஜோசப் காலத்தில் எந்த நீதிபதியும் கேட்க முடியாது. 2024-ல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதைக் கேட்டது, கூடாது என்று தீர்ப்பும் சொன்னது. வழக்கைக் கொண்டுபோனவர் இந்த முறையும் அந்தச் சிறைகளில் அடைபட்டவர் இல்லை, வெளியில் இருந்து எழுதிய ஒரு பத்திரிகையாளர்தான்.